ஆணியால் தட்டாதீர்கள், அது கியர் சைக்கிள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் சைக்கிள் செயினைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது பற்றி வந்திருந்தது. மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், வெயிலில் காயவைப்பது எல்லாம் சரி. ஆனால் மாதம் ஒருமுறை ஆணி வைத்து, கண்ணிகளைக் கோர்க்கும் பின்னைத் தட்டி வெளியே எடுங்கள், வேலை முடிந்ததும் திரும்பத் தட்டிவிடுங்கள் என்று எல்லாச் சைக்கிளுக்கும் பொதுவாகப் போட்டுவிட்டீர்கள். அதை வாசித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்படித் தட்டிப் பூட்டிய ஒரு செயினால் என் பேத்தியின் முழங்காலில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

நான் சைக்கிள் திருத்துபவள் அல்ல. இளைப்பாறிய குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது மருத்துவிச்சி. எங்கள் ஊரில் மிசி என்றால் தெரியும். 31 வருடம் குழந்தை நிறுக்கும் தராசைக் கரியரில் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில்தான் திரிந்தேன். பிரசவம் ஆன வீட்டுக்கு மழை, வெயில் பார்த்துப் போக முடியாது. வழியில் செயின் கழன்றால் நானேதான் மாட்ட வேண்டும். அதனால் இந்த ஒரு வேலை மட்டும் எனக்குக் கைவந்தது. கையில் கறுப்பு ஒயிலோடு போய், முதலில் சவர்க்காரம் கேட்டு வாங்கி, அப்புறம்தான் பிள்ளையைத் தொட்ட நாட்கள் நிறைய உண்டு.

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் என் ஐயா (அப்பா). அவருடையது றலி (Raleigh) கம்பனிச் சைக்கிள். அந்தக் காலத்துச் சைக்கிள்களில், இன்றும் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்களில், செயினை இணைக்க ஒரு தனிக் கண்ணி இருக்கும். இரண்டு பின்கள் பொருத்திய ஒரு தகடு, மேலே மூட இன்னொரு தகடு, அதன்மேல் ஒரு சின்னக் கிளிப். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தால் அந்தக் கிளிப் அச்சொட்டாக மீன்தான். ஒரு பக்கம் உருண்டு மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். "மீன் எந்தப் பக்கம் நீந்துதோ அந்தப் பக்கம் தலை" என்பார் ஐயா. செயின் ஓடுகிற திசையில் மூடிய பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். வால் முன்னுக்கு இருந்தால் செயின் கவரிலோ வேறெதிலுமோ அது உரசும்போது பிளவு விரிந்து கிளிப் பறந்துவிடும். பிறகு தகடு போகும், செயினும் போகும்.

இதில் பலர் பிழை விடுகிற இடம் ஒன்றுண்டு. செயினின் மேற்பக்கம் முன்னோக்கி ஓடும், கீழ்ப்பக்கம் பின்னோக்கி ஓடும். கீழ்ப்பக்கத்தில் வைத்துக் கிளிப் போடுகிறவர், தலை சைக்கிளின் முன்சில்லைப் பார்க்கிறது, சரி என்று நினைப்பார். பெடலைச் சுற்றி மேலே கொண்டு வந்தால் மீன் வாலால் நீந்தும். ஆகவே எப்போதும் மேலே கொண்டு வந்து பாருங்கள்.

கழற்றும்போது குறட்டின் ஒரு தாடையை வாலிலும் மற்றதைப் பின்னின் நுனியிலும் வைத்து மெதுவாக அமுக்கினால் கிளிப் தலைப் பக்கமாக வழுக்கி வந்துவிடும். மெதுவாக என்பது முக்கியம். அவசரப்பட்டால் அது டிக் என்று பாயும், முற்றத்து மணலுக்குள் போனால் விளக்குமாறு கொண்டு தேட வேண்டும். நான் மற்றக் கையால் ஒரு துணியைப் பொத்திப் பிடிப்பேன். கழற்றிய சாமான்களைப் போட ஒரு பழைய எனாமல் கிட்னி ட்றே வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்ததல்ல, சொந்தக் காசில் வாங்கியது. முழுக் கவர் போட்ட லேடிஸ் சைக்கிள் என்றால், செயினை இழுத்து எடுக்கும் முன் அதன் ஒரு நுனியில் நீளமான சணல் நூலைக் கட்டிவிடுங்கள். செயின் வெளியே வரும்போது நூல் அதன் பாதையில் உள்ளே நிற்கும். கழுவி முடித்த பிறகு நூலின் முனையில் செயினைக் கட்டி இழுத்தால் கவரைத் திறக்காமலே செயின் தன் இடத்துக்குப் போய்விடும்.

ஒரு தடவை அந்தக் கிளிப் இல்லாமல் போன நாளும் நினைவிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30, சண்டையால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த நாள். கோப்பாயிலிருந்து கைதடிப் பக்கமாகச் சனத்தோடு சனமாகப் போகிறோம், சைக்கிளில் இரண்டு பயணப்பை, ஒரு அரிசி மூட்டை, மேலே அம்மா. செயின் எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. அன்றைக்கு ஓடவா முடிந்தது, எல்லாரும் உருட்டியதுதான். செயின் இல்லாத சைக்கிளும் மற்றச் சைக்கிள் போலவே போய்ச் சேர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் மகள் தன் பிள்ளைக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். முன்னால் 3, பின்னால் 8 பல்லுச்சில்லு (பற்சக்கரம்). பேத்தி உரும்பிராயிலிருந்து திருநெல்வேலிக்கு ரியூசனுக்கு அதில்தான் போகிறாள். கொஞ்ச நாளைக்கு முன் பின்சில்லு ஆடுகிறது என்று ஒரு கடையில் விட்டோம். கடையின் பெயர் வேண்டாம், அந்தப் பையன் வேறு வேலைகளை நன்றாகத்தான் செய்கிறான். சில்லைக் கழற்ற அவன் செயினை வெட்டியிருக்கிறான். உண்மையில் கியர் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றச் செயினைத் திறக்கவே தேவையில்லை. செயினை மிகச் சின்னப் பல்லுச்சில்லுக்கு மாற்றிவிட்டு, பின்சில்லுக்குக் கீழே தொங்கும் கியரின் கையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் சில்லு வெளியே வரும். அவன் பின்னை ஆணியால் தட்டி எடுத்து, அதே பின்னைத் திரும்பத் தட்டிப் பூட்டிக் கொடுத்தான். நானும் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது என் பிழை.

ஐந்தாம் நாள் பின்னேரம் பலாலி வீதியில் கோண்டாவிலுக்குக் கிட்ட, எழும்பி நின்று பெடலை மிதித்துக்கொண்டே கியர் மாற்றியிருக்கிறாள். "அம்மம்மா, செயின் அறுந்துபோச்சு, நான் விழுந்திட்டன்" என்று தொலைபேசியில் அழுகை. பின்னால் வந்த பஸ் தூரத்தில் வந்தது, வேறென்ன சொல்ல.

அன்றிரவு அந்தச் செயினை ட்றேயில் போட்டு விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. ஒரு வெளித்தகடு பின்னிலிருந்து கழன்று விரிந்து நின்றது. மற்றப் பின்களின் நுனிகளைத் தடவினால் தகட்டோடு மட்டமாக, ஓரம் லேசாகப் பரந்திருப்பது விரலுக்குத் தெரியும். அந்தப் பரப்புத்தான் தகட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. தட்டி எடுத்த பின்னில் மட்டும் அந்த ஓரம் சீவுண்டு போய், பக்கத்தில் ஆணி வழுக்கிய கீறல் இருந்தது. ஒருமுறை வெளியே தள்ளினால் அந்த ஓரம் போய்விடும், தகட்டின் துவாரமும் சற்றுப் பெருத்துவிடும். திரும்பத் தட்டினால் பின் உள்ளே போகும், நேராக ஓடினால் ஓடும். கியர் மாற்றும்போதுதான் செயின் பக்கவாட்டில் வளைந்து இழுபடும். தகடு கழல்வது அப்போதுதான். பழைய ஒற்றைப் பல்லுச் செயினில் பின் நீளம், வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும், செயினும் நேர்கோட்டில் ஓடுவது. தட்டினால் அது பொறுத்துக்கொண்டது. கியர்ச் செயின் ஒடுக்கம். பழக்கதோஷத்தில் இரண்டுக்கும் ஒரே ஆணியை எடுக்கிறோம்.

கியர்ச் செயினுக்கும் இணைப்புக் கண்ணி உண்டு. அதில் மீன் கிளிப் இல்லை. ஒரே மாதிரியான இரண்டு பாதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பின், ஒரு நீள் துவாரம். ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் கோர்த்து, கண்ணியை மேற்பக்கத்துக்குக் கொண்டு வந்து, பின் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒருமுறை அழுத்தினால் டக் என்று பூட்டிக்கொள்ளும். சுத்தியல் தேவையில்லை. 7 பல்லுச்சில்லுக்கும் 8 பல்லுச்சில்லுக்கும் பெரும்பாலும் ஒரே கண்ணி பொருந்தும். 9, 10 என்று கூடக்கூடச் செயின் ஒடுங்கிக்கொண்டு போகும், அவற்றுக்குத் தனித்தனி. அவற்றில் சிலதை ஒருமுறை திறந்தால் திரும்பப் பாவிக்கக்கூடாது என்றும் செய்தவர்களே சொல்கிறார்கள்.

என்னுடைய உண்மையான முறைப்பாடு இதுதான். இந்தக் கண்ணியைத் தேடி யாழ்ப்பாணம் நகரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே பதில்: "அது செயினோடதான் வரும் அம்மா, தனிய இல்லை." ஒரு கடையில் ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக் காட்டி, கொண்டு வாங்கோ, தட்டித் தாறன் என்றார்கள். நாலாவது கடையில் ஒரு வயதானவர் சிகரெட் ரின் ஒன்றைத் திறந்து மேசையில் கொட்டினார். மீன் கிளிப்புகள், பாதிக் கண்ணிகள், கியர்க் கண்ணிகள் எல்லாம் கலந்து கிடந்தன. எனக்கு வேண்டியதைப் பொறுக்கித் தந்தார். விலை, தேநீர்க்கடையில் இரண்டு றோல்ஸ் வாங்கும் காசுகூட இல்லை. உதிரிப்பாகம் விற்கிற மற்றவர்கள் இதை வாங்கி வைத்தால் என்ன? கியர் சைக்கிளைக் கடைவாசலில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடத் தெரிகிறது.

மாதம் ஒருமுறை கழற்றுவதைப் பற்றியும் ஒரு சொல். இணைப்புக் கண்ணி இல்லாத செயினைக் கழற்றவே வேண்டாம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைப் பொத்திப் பிடித்துப் பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் எங்கள் ஊர்ச் செம்மண் எல்லாம் துணியோடு வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பின் ஒவ்வொரு உருளைக்கும் தையல் மெசின் ஒயில் ஒரு துளி. என் சைக்கிளில் 112 கண்ணி, 112 துளி. அரை மணித்தியாலம் விட்டு வெளியே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும், ஒயில் உள்ளேதான் தேவை. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் விடாதீர்கள், பிசினாகிப் புழுதியைப் பிடிக்கும். செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளைகளின் அடிமட்டம் போதும். 24 கண்ணிக்கு, பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடு வரை, சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரைக்கால் (1/8) அங்குலத்தில் பாதி கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். முழு அரைக்கால் கூடிவிட்டால் பல்லுச்சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

அடுத்த ஞாயிறு அந்த ஆணிக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். படம் தேவையென்றால் கழன்ற கண்ணியை எறியாமல் ட்றேயில் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய குடும்ப நல உத்தியோகத்தர்,
உரும்பிராய்.