தாழியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி. போக வர ஆகும் நேரம் போக, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். பையனுக்கோ சின்ன வயதிலிருந்தே வீசிங். இப்படி ஒரு வீட்டில் துணிக்குச் சாயம் போடுவது அவசியமா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால், நீலச் சாயம் புளிக்கவைக்கும் அவுரித் தாழியை அன்றைக்கே கவிழ்த்திருப்பேன். நீங்கள் யாரும் கேட்கவில்லை. முதல் நன்றி அதற்குத்தான்.

மாடி வீட்டு அக்கா, விறகுப் புகையில் பையனுக்கு இழுப்பு வந்த மறுநாளே நீங்கள் வந்து, "இனி கொதிக்கவைக்கிற வேலையெல்லாம் எங்க மொட்டை மாடியில வச்சுக்கோ" என்றீர்கள். சிவப்புச் சாயத்துக்கு வேர் கொதிக்கும் மஞ்சிட்டிப் பானை, கடுக்காய் ஊறவைக்கும் வாளி, கடைசியில் தாழி, எல்லாம் மேலே ஏறின. ஆடி மாதம் டயாலிசிஸ் நடுவில் அம்மாவுக்குப் பிரஷர் இறங்கி, ஐந்து நாள் வார்டில் இருந்தோம். அவுரித் தாழி சும்மா விட்டுவைக்கிற பொருள் இல்லை. அவுரியும் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்ந்து புளித்தால்தான் நீலம் கரையும். காலையும் மாலையும் மெதுவாகக் கலக்கிவிட வேண்டும், வாடை மாறினால் கவனிக்க வேண்டும். நான் சொல்லவே இல்லை, நீங்களாகவே பார்த்துக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் ராத்திரி போனில், "மேல செம்பு நிறத்துல ஏடு கட்டியிருக்கு, உள்ள பச்சையா இருக்கு, சரிதானே?" என்று கேட்டீர்கள். சரிதான் அக்கா. அதைவிடச் சரியாக ஒரு தாழி இருக்க முடியாது. வார்டு வராந்தாவில் நின்றுகொண்டு அன்றைக்குத்தான் அழுதேன்.

டயாலிசிஸ் சிஸ்டருக்கு. அம்மாவின் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த பிறகு, என் விரல்களைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தவர் நீங்கள். தறி ஓடுகிற வீட்டுச் சுவரில் கை வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு தெரியுமே, அப்படி இருந்தது. "இது தினமும் இருக்கணும். இல்லைன்னா உடனே கிளம்பி வந்துடுங்க. அந்தக் கையில பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் விடாதீங்க" என்றீர்கள். இப்போதும் காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். அதிர்வு தெரிந்த பிறகுதான் மாடிக்கே போவேன்.

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. நல்ல மஞ்சிட்டி வந்தால் எனக்கென்று எடுத்து வைத்தீர்கள். மருந்துச் செலவு கழுத்தை நெரித்த மாதங்களில் கணக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாக்கியை இந்த வாரம் கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம், வெளியே காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி. உங்கள் வீட்டுக்காரருக்கும் அதே ஷிப்ட். நான் கைக்குட்டையில் நூல் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா முடிச்சு?" என்று வாங்கிக்கொண்டீர்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழுமே, அந்தச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட கை. நகத்தால் துணியைக் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி, அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போனீர்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் போட வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் கையால் முடிச்சுப் போடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அந்த வித்தையை ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்து எனக்குக் கொடுத்தீர்கள். அந்த நான்கு மணி நேரமும் பயந்துகொண்டே இருந்தவள் நான். இப்போது எண்ணிக்கொண்டே இருக்கிறேன், ஒரு தடவைக்கு முந்நூறு முடிச்சு.

தம்பி, சனிக்கிழமைகளை நீ எடுத்துக்கொண்டாய். உனக்கு இருப்பதே வாரத்தில் ஒன்றரை நாள் லீவு என்று எனக்குத் தெரியும்டா.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். உள்ளே ஏசி குளிர் தாங்காமல் நடுங்குகிறார் என்று, நான் முதன்முதலில் நீலத்தில் முக்கிய போர்வையைக் கொடுத்தனுப்பினேன். தாழியிலிருந்து எடுத்தபோது பச்சையாக இருந்தது, காற்றுப் பட்டு என் கண் முன்னாலேயே நீலமாக மாறிய துணி. அதைப் போர்த்திக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம் "என் பொண்ணு போட்ட சாயம்" என்று காட்டியிருக்கிறார். ஆறு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

அந்த ஆறு போர்வைகளும் இப்போது மொட்டை மாடி நிழலில் காய்கின்றன. புது நீலம் கையில் ஒட்டும், அதனால் தனித்தனியாக நன்றாக அலசி, சாயம் இறங்குவது நின்ற பிறகே தருவேன். வருகிற வியாழக்கிழமை கொண்டு வருகிறேன்.