பெயர் கேட்காமல் விட்ட அக்காவுக்கு நன்றி

குழந்தைக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். எல்லாரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா நெற்றியையே அழுத்திக்கிட்டு இருக்க, கண்ணு மங்குதா?" என்று கேட்டீர்கள். தூக்கமில்லாத வலி என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததையே நானும் சொன்னேன், நீங்கள் விடவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டு பிரஷர் பார்க்க வைத்தீர்கள். மேல் அளவு 160-ஐத் தாண்டியிருந்தது. உடனே அட்மிஷன்.

கர்ப்பகாலம் முழுக்க பிரஷர் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரை இப்படி பிரஷர் ஏறலாம், கவனிக்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். இப்போது நன்றாக இருக்கிறேன், அக்கா.

பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விடாத தலைவலி, ஒரு மணி நேரத்திலேயே பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று தள்ளிப்போடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாள் கணக்கில் அழுதுகொண்டே இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் உடம்பு சம்பந்தப்பட்டதுதான்.