மனிதக் கை படாத ஏரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுப் பயணம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். போன வருஷம் ஜூன் மாதம் மான்செஸ்டரில் மகள் வீட்டில் இருந்தபோது அதே வழியில் நாங்களும் போனோம். எழுத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பென்னிங்டன் ஃபிளாஷை 'மனிதக் கை படாத ஏரி' என்று ஒரு வரி சொல்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அங்கே முன்பு இருந்தது விவசாய நிலம். அடியில் இருந்த நிலக்கரியை வெட்டி எடுத்துக்கொண்டே போனார்கள். மேலே நிலம் மெல்ல உட்கார்ந்தது, பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. இப்படி உண்டான நீர்நிலைக்குத்தான் அந்த ஊர்ப் பேச்சில் 'ஃபிளாஷ்' என்று பெயர். லீ, விகன் என்ற ஊர்களின் வட்டாரத்தில் இப்படிப் பல இருக்கின்றன. 2022இல் அவற்றைச் சேர்த்து தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். பறவைகள் வந்தது உண்மை. ஆனால் அவை வந்து இறங்கியது சுரங்கத் தொழிலாளி தோண்டிய பள்ளத்தில்.

நாங்கள் போன கால்வாயே நிலக்கரிக்காக வெட்டியதுதான். வொர்ஸ்லியில் சுரங்கம் வைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் பிரபு, கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக வெட்டிய இந்தக் கால்வாயில் 1761இல் படகு ஓடத் தொடங்கியது. நகரத்தில் கரி விலை பாதியாக இறங்கியதாம். வொர்ஸ்லியில் பாறை இடுக்கில் ஒரு குகை வாசல் தெரியும். அதற்குள்ளே, பூமிக்கு அடியிலேயே, மொத்தமாக எழுபது கிலோமீட்டருக்கு மேல் படகு போகும் வாய்க்கால்கள். அந்தப் படகுகளின் விலாச் சட்டங்கள் வெளியே தெரியுமாம். அதனால் அவற்றுக்குப் பட்டினிக்காரன் என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர். அந்த வாசல் பக்கம் தண்ணீர் நல்ல ஆரஞ்சு நிறம். "பாட்டி, யாரோ ஃபாண்டாவைக் கொட்டிட்டாங்க" என்றான் பேரன். பழைய சுரங்கத்திலிருந்து கசிந்து வரும் இரும்புத் துரு அது.

படகு ஏழடி அகலம்கூட இல்லை. எங்கள் ரயில் பெட்டியின் நடைவழியில் சமையல்கட்டும் கட்டிலும் போட்டதுபோல இருந்தது. மணிக்கு நான்கு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. முன்பு குதிரைகள் படகை இழுத்துப் போன கரையோரப் பாதையில், நாயோடு நடந்துவந்த ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு போனார். "அத்தை, நீங்க கொஞ்சம் பிடிங்க" என்று மாப்பிள்ளை சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போனார். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அது மூளைக்கு ஏறுவதற்குள் நாணல் புதரில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டேன்.

ஆஸ்ட்லி கிரீனில் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், உச்சியில் சக்கரங்களோடு, வெகு தூரத்திலேயே தெரிகிறது. சுமார் 30 மீட்டர் உயரம். ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கிய கோபுரம் இது. 1970இல் சுரங்கத்தை மூடினார்கள். லங்காஷயர் கரி வட்டாரத்தில் இப்படி மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

லீயைத் தாண்டியதும் இன்னொன்று கவனித்தேன். எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்தால் கரையில் நின்று குனிந்து பார்ப்போம். இங்கே தண்ணீரில் இருந்துகொண்டு கீழே வயலைப் பார்க்கிறோம்! நிலம் இறங்க இறங்க, கால்வாய் மட்டம் மாறாமல் இருக்கக் கரையை உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். டோவர் லாக் என்று ஓர் இடம். லாக் என்றால் படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி. பெயரில்தான் லாக் இருக்கிறது, இடத்தில் இல்லை. நிலம் உட்கார்ந்ததில் அங்கே அதற்கு வேலை இல்லாமல் போய், விகன் பக்கம் பூல்ஸ்டாக்கில் புதிதாகக் கட்டினார்களாம். அதே வட்டாரத்தில், ஏப்ராமில் உள்ள மேபோல் சுரங்கத்தில் 1908 ஆகஸ்டில் நடந்த வெடிப்பில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்டுரையாளர் அந்தப் பகுதியை 'வாத்துகளின் அமைதி' என்று கடந்துபோகிறார். வாத்துகள் இருந்தன, நானும் பார்த்தேன்.

கட்டுரை புத்தகமாக வருமானால் அந்த ஏரி வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், போகிறவர்களுக்கு ஒரு தகவலும் சேர்க்கலாம்: பிளாங்க் லேனில் உள்ள தூக்குப் பாலத்தைக் காலையும் மாலையும் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் தூக்க விடுவதில்லை. அது தெரியாமல் போய் நின்றோம். இரண்டு வேளைக்கென்று கட்டிக்கொண்டு போன புளியோதரை அங்கேயே தீர்ந்துவிட்டது.

வாசகி,
கும்பகோணம்