கூலி பேசும் இடத்தில் பெண்கள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டமன்றத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் பற்றிய தலையங்கம் படித்தேன். 2023-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள், சரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று அன்றைக்கே ஒரு முடிச்சும் போட்டுவிட்டார்கள். அதற்குள் எத்தனை போகம் நடவு முடியுமோ!

திருவாரூர் மாவட்டத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஆள் கூலிக் கணக்கு எழுதுவது நான்தான். வரப்பு வெட்ட, மருந்து அடிக்க வரும் ஆண்கள் பெரும்பாலும் மதியத்துக்குள் கரையேறிவிடுவார்கள். நடவுப் பெண்கள் சேற்றில் குனிந்தது குனிந்தபடி நிற்பார்கள். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். கூலி அவர்களுக்குத்தான் குறைவு. கேட்டால், "அது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை" என்பார்கள். 1976-இல் வந்த சம ஊதியச் சட்டம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. ஒத்த வேலைக்கு ஒரே ஊதியம் என்றது அது. வேலையையே இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? நூறு நாள் வேலையில் இருவருக்கும் ஒரே கூலி என்று வைத்தபோது யார் குடியும் முழுகிவிடவில்லை.

அறுப்புக்கு மிஷின் வந்தது, ஓட்டுவது ஆண். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவதும் ஆண். மிஞ்சியது நடவும் களையும். இப்போது நடவுக்கும் வடமாநிலத்து ஆண்கள் வருகிறார்கள்.

கீழ்வெண்மணியில் 1968-இல் கூலித் தகராறில் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இன்றும் எங்கள் பக்கத்தில் கூலி பேச உட்காருவது ஆண்கள் மட்டும்தான்.

2016 சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு வந்தது. தலைவிக்குப் பதில் அவர் வீட்டுக்காரர் பேசுகிறார் என்று கேலி செய்கிறோம். பல ஊரில் அது உண்மையும்கூட. ஆனால் குறைந்தபட்சக் கூலியை அறிவிப்பது மாநில அரசு. அந்த அரசை அமைக்கிற சட்டமன்றத்துக்கு 2021-இல் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர். அந்தத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி பாதி இடங்களில் பெண்களை நிறுத்தியது, ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கிற கட்சிகளுக்கு சீட் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லையே.

ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்குள் குறுவைக் கூலி பேசுவார்கள். அதற்கு நடவாட்களில் இரண்டு பெண்களையாவது கூப்பிடச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிடட்டும். அப்புறம் அரசு கூலி அறிவிக்கும்போது வரப்பு வெட்டும் நடவும் ஒரே வரியில், ஒரே தொகையோடு வரவேண்டும்.

– ஒரு வாசகி, நீடாமங்கலம்