சுவரில் மாட்டிய இரண்டு பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், அந்தக் காலத்து ஓவிய அகாதமிகளில் பெண்கள் இடம்பிடித்த கதையைப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம், தமிழ்ப் பேப்பரில் இதெல்லாம் வருவதே அபூர்வம். ஆனால் 1768-இல் லண்டன் ராயல் அகாதமி தொடங்கியபோதே இரண்டு பெண்கள் உறுப்பினர்கள், அப்போதே சமத்துவம் வந்துவிட்டது என்கிற தொனியில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஆஞ்சலிகா காஃப்மனும் மேரி மோசரும் உறுப்பினர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அகாதமிக்காரர்களை எல்லாம் சேர்த்து ஸோஃபனி என்பவர் 1771-72 வாக்கில் ஒரு படம் வரைந்தார். இணையத்தில் கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் கோட்டும் விக்குமாக ஆண்கள் கூட்டம், அவர்கள் வரைவதற்காகத் துணியில்லாமல் போஸ் கொடுக்கும் ஆண் மாடல். காஃப்மனும் மோசரும் எங்கே என்றால், சுவரில், இரண்டு படங்களாக! உடுப்பில்லாத மாடல் இருக்கும் அறையில் பெண்கள் நிற்கக் கூடாதாம், அதனால் ஆளுக்குப் பதில் முகத்தை மாட்டிவிட்டார். நம் வீடுகளில் மாலை போட்டு மாட்டுவோமே அந்த மாதிரி. என்ன, இவர்கள் இரண்டு பேரும் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

இதைக் கூச்ச சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்குப் பெரிய மரியாதையெல்லாம் சரித்திர, புராணப் படங்களுக்குத்தான், அதை வரைய உடம்பின் அமைப்பு தெரிய வேண்டும், அது தெரிய மாடல் வகுப்பு வேண்டும். அந்த வகுப்பைப் பூட்டிவிட்டு, பெண்களுக்குப் பூவும் முகமும்தான் வரும் என்று சொல்வது என்ன நியாயம்? காஃப்மன் அதையும் மீறிச் சரித்திரப் படங்கள் வரைந்தார். மோசர் பூக்களில் கெட்டிக்காரர், அவர் 1819-இல் இறந்தார். அதற்கப்புறம் ஒரு பெண், லாரா நைட், முழு உறுப்பினரானது 1936-இல். நடுவில் 117 வருஷம். 1860-இல் அகாதமியின் பள்ளியில் லாரா ஹெர்ஃபோர்ட் என்ற பெண் சேர்ந்ததுகூட, படத்தில் வெறும் 'எல். ஹெர்ஃபோர்ட்' என்று இனிஷியல் போட்டு அனுப்பியதால்தான்.

பூ என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. எண்பதுகளில் இங்கே தில்லியில் ஒரு சாயந்திர ஓவிய வகுப்புக்குப் போனேன், எது என்று சொல்லவில்லை. பையன்களுக்கு ஒரு வயதான ரிக்‌ஷாக்காரரை உட்காரவைத்தார்கள், பெண்கள் நாலு பேரையும் பக்கத்து அறைக்கு அனுப்பி ஒரு பித்தளைச் சொம்பும் சாமந்தியும் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பெரியவர் குர்தா, மஃப்ளர் எல்லாம் போட்டுத்தான் இருந்தார். மூன்று மாதம் வரைந்ததில் அந்தச் சொம்பை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

சரி, பாரீசுக்கு வருவோம். அங்கே ராஜாங்க அகாதமியில் பெண்களுக்கு நாலு இடம்தான் என்று வரம்பு. 1783 மே 31 அன்று விஜே லெ ப்ரன், லபீய் கியார் என்ற இரண்டு பெண் ஓவியர்களும் ஒரே நாளில் சேர்ந்தார்கள், அதோடு நாலும் நிரம்பிவிட்டது. லபீய் கியார் படங்களை ஓர் ஆண்தான் வரைந்து கொடுக்கிறார் என்று வேறு ஊரில் பேச்சு. அவர் என்ன செய்தார் தெரியுமா, அகாதமி உறுப்பினர்கள் சிலரையே எதிரில் உட்காரவைத்து வரைந்து காட்டினார்! 1785-இல் அவர் வரைந்த சுயஉருவப் படத்தில், பட்டு கவுனும் தொப்பியுமாகத் தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறார், நாற்காலிக்குப் பின்னால் இரண்டு மாணவிகள் நிற்கிறார்கள். 1790-இல் அந்த நாலு என்ற கணக்கையே எடுக்கச் சொல்லி அகாதமியில் வாதாடியதும் அவர்தான்.

நம் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் படித்த பாரீஸ் கலைப் பள்ளியும் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897-இல்தான். 1933-இல் பாரீஸ் சலோன் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த 'இளம் பெண்கள்' ஓவியம் இப்போது நம் தில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் தொகுப்பில்தான் இருக்கிறது, கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். போன வாரம் லபீய் கியார் படத்தைத் தபால்தலை அளவில் போட்டு, பின்னால் நிற்கும் மாணவிகளை வெட்டிவிட்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிறு கலரில், அரைப் பக்கமாவது, முழுசாகப் போடுங்கள்.

வாசகி,
ஆர்.கே.புரம், புதுதில்லி.