கிரிஸ்ப் என்றொரு சொல்

அன்புள்ள நண்பா,

தங்கச்சிக்குக் கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாயே, வீக்கம் வடிந்ததா? குன்னூர் ஏற்ற இறக்கத்தில் இப்போதைக்கு நடக்க விடாதே.

இங்கே எல்லோரும் சுகம். ஆங்கிலச் சமையல் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலை ஒன்று வந்திருக்கிறது. அதில் 'கிரிஸ்ப்' என்ற ஒரு சொல்லோடுதான் ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறேன்.

அவர்களுக்கு ஆப்பிளும் கிரிஸ்ப், வறுத்த உருளைக்கிழங்கும் கிரிஸ்ப். நமக்கு அப்படி முடியாது. நேற்று கடித்தே பார்த்தேன். வெள்ளரிப் பிஞ்சு 'நறுக்'கென்று ஒடிந்து நீர் தெறிக்கிறது; அப்பளம் 'மொறுக்'கென்று நொறுங்குகிறது. ஈரத்துக்கு ஒரு ஒலி, காய்ந்ததற்கு ஒரு ஒலி. ஆங்கிலத்தில் பட்டென்று உடைந்தால் போதும், இரண்டும் ஒன்றுதான். நமத்துப்போனால் அந்தப் பெயர் போய்விடும்.

சாப்பாட்டைத் தாண்டியும் இந்தச் சொல் போகிறது. கிரிஸ்ப்பான புது ரூபாய்த் தாளை நாம் சலவை நோட்டு என்கிறோம். கஞ்சி போட்ட சட்டை மொடமொட. சுருக்கமான, தெளிவான பதிலுக்கோ 'நறுக்கென்று சொன்னான்' என்கிறோம். வெள்ளரிப் பிஞ்சின் அதே ஒலி! இதைக் கண்டதும் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்புறம் வேரைத் தேடினேன். லத்தீனில் 'கிரிஸ்புஸ்' என்றால் சுருண்டது. பழைய ஆங்கிலத்திலும் சுருள்முடியைத்தான் அப்படிச் சொன்னார்கள்; மொறுமொறுப்பு என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்தது. சுருளுக்கும் மொறுமொறுப்புக்கும் என்ன உறவு என்று யோசித்தபோது தட்டில் முறுக்கு இருந்தது. முறுக்கிப் பிழிவதால் முறுக்கு. கல்லில் கூடுதலாகக் காய்ந்த தோசை முறுகல். சுருள்வதும் தீயில் காய்ந்து விறைப்பதும் நம்மிடமும் ஒரே சொல்லடியில்தான் இருக்கின்றன. வெங்காயப் பக்கோடாவைப் பார், ஓரம் சுருளும்போதுதான் மொறுமொறுக்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் அடுப்படியில் ஒன்றையே பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த லத்தீன் சொல்தான் பிரெஞ்சு வழியாகக் 'கிரேப்' ஆனது. தங்கச்சி காலில் சுற்றியிருக்கும் கிரேப் பேண்டேஜை விரலால் லேசாக இழுத்துப் பார். சுருக்கம் சுருக்கமான நெசவு விரிந்து, விட்டதும் சுருங்கும். இறுக்கிச் சுற்றிவிடாதே, விரல் மரத்துப்போகும்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் சொல் அகப்படவில்லை. குளிர்ந்து, ஈரமில்லாமல், வானம் துடைத்தாற்போல் இருக்கும் காலையையும் அவர்கள் கிரிஸ்ப் என்கிறார்கள். டிசம்பரில் அப்படி விடியும் நாளை உங்கள் ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? டீக்கடையில் காதைக் கொடுத்துக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்