சுங்கை சிப்புட் போர் எதிர்ப்புக் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அண்ணன் அக்காமார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும், தோழர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் காஸாவுக்காக நடந்த போர் எதிர்ப்புக் கூட்டமும் ஊர்வலமும் நல்லபடியாக முடிந்தன. உதவியவர்கள் எல்லாரிடமும் நேரில் நன்றி சொல்ல முடியவில்லை. நாற்காலிகளை அடுக்கி முடிப்பதற்குள் பலர் இரவு வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அதனால் ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. சிலருக்கு வேலையிடத்தில் தொந்தரவு வரக்கூடும், சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி லோரி ஓட்டும் ஓர் அண்ணனுக்கு. துண்டறிக்கையோடு குடியிருப்புக் குடியிருப்பாக, தாமான் தாமானாகப் போனபோது, வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியவர்கள் பலர். இவர் எங்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: “2009-ல முள்ளிவாய்க்கால்ல நம்ம சனம் செத்தப்போ இந்த நாட்டுல யாரு இப்படி வீடு வீடா வந்தா? காஸாவுக்கு மட்டும் ஏன் ஓடி வர்றீங்க?” இந்தக் கேள்வி நம் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. மற்றவர்கள் நாங்கள் போன பிறகு பேசிக்கொண்டதை இவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். அதனால்தான் எங்களாலும் பதில் சொல்ல முடிந்தது.

நாங்கள் சொன்னது இதுதான். வன்னியில் நம் சனத்தின் தலைக்கு மேல் பறந்து குண்டு போட்ட கிபிர் விமானங்கள் இஸ்ரேலில் செய்யப்பட்டவை. அவற்றை இலங்கை அரசு அங்கிருந்துதான் வாங்கியது. அந்த இஸ்ரேலுக்கு இன்று போர் விமானமும் குண்டும் அதிகமாகக் கொடுப்பது அமெரிக்கா. 2006-இல் வன்னியில் விமானக் குண்டுவீச்சில் செத்த செஞ்சோலைப் பிள்ளைகளுக்காக அழுத நம்மைவிட, காஸாவின் பிள்ளைகளைப் பற்றிப் பேச அதிக உரிமை உள்ளவர் யார்? ஒரு சனத்தின் சாவைப் பேசினால் இன்னொரு சனத்தின் சாவு மறந்துபோகும் என்பது உண்மையில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் ஆயுதம் எங்கிருந்து வருகிறது என்பதே கண்ணுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் நாற்காலி ஏற்ற வண்டி கிடைக்காமல் தம்பிகள் அலைந்தது அவர் காதுக்குப் போயிருக்கிறது. தானே லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினார், டீசல் காசுகூட வாங்கவில்லை. மறுநாள் மேடையேறி முள்ளிவாய்க்காலையும் காஸாவையும் சேர்த்தே பேசினார். அவர் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. அண்ணே, ரொம்ப நன்றி.

முதலில் தருவதாகச் சொன்ன மண்டபம் கடைசி வாரத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டது. “அரசியல் கூட்டம்” என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இக்கட்டில் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகத்தினருக்கு நன்றி. வாடகை வாங்கவில்லை. மைக் செட்டையும் அவர்களே கொடுத்தார்கள். ஊர்வலத்துக்கு 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி போலீசுக்குத் தரவேண்டிய அறிவிப்பை எழுதிக் கொடுத்து, எங்களோடு நிலையத்துக்கும் வந்து, ஊர்வலம் முடியும்வரை கூடவே நடந்த ஈப்போ வழக்கறிஞர் தங்கைக்கும் நன்றி.

இப்போது பாட்டியைப் பற்றி. கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் அவர் பேச்சை மறக்கமாட்டார்கள். வராதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாட்டி கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனான். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. பாட்டியின் அப்பா திரும்பவில்லை. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், 1948-இல் அவனுக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் இடையே அடுத்த போர் வந்தது. அது தொடங்கிய இடம் நம் ஊர்தான். அந்த வருடம் ஜூன் 16-ஆம் தேதி இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்துவிட்டது. அது முடிய 1960 ஆனது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதைப் பயங்கரவாதக் கதையாக மட்டும் படிக்கிறார்கள். தொழிற்சங்கங்கள் தடை செய்யப்பட்டதையும், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதையும், 1948 டிசம்பரில் பத்தாங்காலியில் ஆயுதமில்லாத 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றதையும் யார் அவர்களுக்குச் சொல்லப்போகிறார்கள்?

பாட்டி சொன்னது அந்தக் காலத்து முள்கம்பியைப் பற்றி. தள்ளித் தள்ளி இருந்த தொழிலாளர் லயன் வீடுகளையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து வேலி போட்டார்கள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. காட்டில் இருந்த கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று சோறு எடுத்துப்போகக் கூடாது. “எங்கம்மா வெறும் வயித்தோட மரம் வெட்டிட்டு மதியம் வந்துதான் பசியாறும். நான் கூடப் போய் பால் வடியுற மங்கு துடைப்பேன். அந்தப் பால் எங்க போகுதுன்னு அப்ப எனக்குத் தெரியாது” என்றார். எங்கே போனது என்பதை அடுத்துப் பேசிய யூனியன் அண்ணன் விளக்கினார். 1950-இல் கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை கிடுகிடுவென்று ஏறியது. ராணுவ வண்டிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டுமே. பட்டினியோடு வெட்டிய பால் இன்னொரு நாட்டில் நடந்த போருக்குப் போனது, லாபம் லண்டனுக்குப் போனது. ஏகாதிபத்தியப் போர் என்றால் என்ன என்று நாங்கள் துண்டறிக்கையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். பாட்டியும் அந்த அண்ணனும் பேசிய பிறகு அதை யாரும் படிக்கத் தேவையிருக்கவில்லை.

பாட்டியைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வந்து, பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்ற பேரனுக்கும் நன்றி.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஐயா 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரைப் பற்றிப் பேசினார். தமிழ்ப்பள்ளியில் அவரிடம் படித்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போர் வந்தால் எதிர்ப்போம் என்று 1912-இல் பாசல் மாநாட்டில் கூடிச் சொன்ன ஐரோப்பிய சோஷலிசக் கட்சிகள், போர் வந்ததும் அவரவர் அரசுக்குப் பின்னால் போய் நின்றன. ஜெர்மன் நாடாளுமன்றத்தில் 110 உறுப்பினர்களை வைத்திருந்த சமூக ஜனநாயகக் கட்சி 1914 ஆகஸ்ட் 4 அன்று போர்க் கடனுக்குக் கை தூக்கியது. டிசம்பர் 2 அன்று இரண்டாவது வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்தவர் அந்தக் கட்சியின் கார்ல் லீப்னெக்ட் ஒருவர்தான். மறு வருடம் சிம்மர்வால்ட் என்ற சுவிஸ் கிராமத்தில் போரை எதிர்த்த சோஷலிஸ்டுகள் கூடியபோது 38 பேர்தான் தேறினார்கள். நான்கு குதிரை வண்டிகளில் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். ஆனால் 1916-இல் லீப்னெக்டை விசாரணைக்கு நிறுத்தியபோது பெர்லினில் 55,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1918 ஜனவரியில் அதே நகரத்தில் 4 லட்சம் பேர் நிறுத்தினார்கள். அந்த வருடம் நவம்பரில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் கடற்படையினர் கலகம் செய்தார்கள், போர் நின்றது. நம் கூட்டம் சின்னது என்று கவலைப்பட்ட தம்பிகளுக்காகவே ஐயா இதைச் சொன்னார். கவலைப்பட்டவர்களில் நானும் உண்டு.

கூடவே நமக்குப் பக்கத்து உதாரணம் ஒன்றையும் சொன்னார். 1945-இல் இந்தோனேசிய விடுதலையை நசுக்க டச்சுக்காரர்கள் ஆஸ்திரேலியத் துறைமுகங்களிலிருந்து கப்பல் அனுப்பப் பார்த்தபோது, இந்தோனேசிய மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கு ஏற்ற மறுத்தார்கள், இந்திய மாலுமிகளும் சீன மாலுமிகளும் அவர்களோடு நின்றார்கள். இதை மலாய் தோழர் ஒருவர் அங்கேயே மொழிபெயர்த்தபோது, பின் வரிசையில் இருந்த இந்தோனேசியத் தொழிலாளர்கள் எழுந்து நின்றார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவர்களும் வங்காளதேசத் தோழர்களும் வந்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. வேலை பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது. ஒரு போட்டோ போதும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படியிருந்தும் வந்தார்கள். நம் தாத்தாக்கள் இருந்த லயத்தில் இன்று இருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தனியாக, மனதார நன்றி. துண்டறிக்கையைச் சீனத்தில் எழுதித் தந்து காலைச் சந்தையில் தானே நின்று கொடுத்த காய்கறிக் கடை அக்காவுக்கும் நன்றி.

மருத்துவமனையில் வேலை செய்யும் தாதி தங்கை ஐந்தே நிமிடம் பேசினார். 2024-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது சுமார் 2.7 டிரில்லியன் டாலர் என்று ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதைச் சொல்லிவிட்டு, டயாலிசிஸுக்கு வரிசையில் காத்திருக்கும் நம் ஊர் ஆட்களைப் பற்றிப் பேசினார். அது போதுமானதாக இருந்தது.

சமையல் அக்காமார்கள், பதாகை எழுதிய பிள்ளைகள், தண்ணீர் போத்தல் கொடுத்த மளிகைக் கடைக்காரர், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பாலர் பள்ளி ஆசிரியை, மழை வந்தபோது பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற கால்பந்துத் தம்பிகள் எல்லாருக்கும் நன்றி. புளிசாதம் கடைசி ஆள் வரைக்கும் வந்தது.

அப்புறம் ஒரு விஷயம். நம் அரசாங்கம் காஸாவுக்கு ஆதரவாகத்தானே இருக்கிறது, நாம் ஏன் தனியாகக் கூட வேண்டும் என்று பலர் கேட்டார்கள். 2023 டிசம்பரில் இஸ்ரேலின் சிம் (ZIM) கப்பல் நிறுவனத்தின் கப்பல்களுக்கு நம் துறைமுகங்களில் தடை போட்டது உண்மை. அதை வரவேற்கிறோம். ஆனால் 2024 மே மாதம் கோலாலம்பூரில் நடந்த ஆயுதக் கண்காட்சியில், இஸ்ரேலுக்குப் போகும் எஃப்-35 போர் விமானத்தைச் செய்கிற அமெரிக்க நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டினுக்கும் இடம் கொடுத்தார்கள். முதன்மை எதிரி சொந்த நாட்டுக்குள் இருக்கிறான் என்று 1915-இல் லீப்னெக்ட் எழுதியது இதற்குத்தான் பொருந்துகிறது. அரசாங்கத்தின் பேச்சுக்குக் கைதட்டுவதோடு நாம் நின்றுவிட்டால், அடுத்த கண்காட்சிக்கும் கதவு திறக்கும்.

அதனால் கூட்டத்தில் எடுத்த முடிவுகளை எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு தாமானிலும் ஐந்தாறு பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும். தொழிற்சங்கக் கிளைகளில் இருப்பவர்கள், ஆயுத வியாபாரிகளுக்கு இந்த நாட்டில் இடம் தரக்கூடாது என்ற தீர்மானத்தைத் தங்கள் கிளையில் வைக்க வேண்டும். வாத்தியார் ஐயா மாதம் ஒரு முறை கோயில் மண்டபத்தில் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பாட்டி மாதிரி அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று இளைஞர்கள் தேடிப்போய்ப் பதிவு செய்யப் போகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட முடியாது.

வரவு செலவுக் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மிச்சப் பணம் அடுத்த துண்டறிக்கைக்கு. கணக்கில் கேள்வி இருப்பவர்கள் தயங்காமல் கேட்கலாம். உங்கள் தாமானில் வந்து பேச வேண்டும் என்றால் குழுவில் யாரிடமாவது சொல்லுங்கள், வேலை முடிந்து மாலையில் வருகிறோம்.

தோழமையுடன்,
ஏற்பாட்டுக் குழுவுக்காக,
சுங்கை சிப்புட், பேராக்